நடந்தவர்கள் காத்த இடம்: புத்தகயா யாத்திரையின் வரலாறு

(டிசம்பர் 6, பாபாசாகேப் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அன்று நாம் கூடும்போது பாபாசாகேபின் சட்ட அறிவைப் பேசுகிறோம், பொருளாதார எழுத்தைப் பேசுகிறோம், அரசியலைப் பேசுகிறோம். இந்த முறை அவருடைய கடைசி மூன்று வாரங்களிலிருந்து தொடங்குவோம்.

1956 நவம்பர் நடுவில் அவர் காத்மாண்டுவில் இருந்தார். நான்காவது உலக பௌத்தர் மாநாடு அங்கே நடந்தது. புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டு அவர் பேசிய பேச்சு அந்த மாநாட்டில்தான் நிகழ்ந்தது. அப்போது அவர் உடல் மிகவும் தளர்ந்திருந்தது. நீரிழிவு, கால்வலி, கண்பார்வைக் குறைவு எல்லாம் சேர்ந்திருந்தன. மாநாடு முடிந்ததும் அவர் நேராக வீடு திரும்பியிருக்கலாம். அவர் சாரநாத்துக்குப் போனார். குசிநகருக்குப் போனார். அதன் பிறகே டெல்லி திரும்பினார். சில நாட்களில், டிசம்பர் 6 அன்று, மறைந்தார்.

அக்டோபர் 14 அன்று தீட்சை ஏற்றதிலிருந்து எண்ணினால், பௌத்தராக அவர் வாழ்ந்தது 53 நாட்கள். அந்த 53 நாட்களில் சில நாட்களை அவர் யாத்திரைக்குக் கொடுத்தார். 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் தம் மக்களை நிற்க வைத்துப் போராடியவர், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தவர், கடைசியில் எங்கே போய் நின்றார் என்பது நமக்கு முக்கியம். புத்தர் முதலில் பேசிய இடத்திலும், புத்தர் கண்மூடிய இடத்திலும் போய் நின்றார்.

அந்த இடங்கள் அவர் போய் நிற்பதற்கு எப்படி மிஞ்சின? இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் அவற்றை யார் காத்தார்கள், யார் கைவிட்டார்கள், யார் கைப்பற்றினார்கள்? இதைத்தான் இன்று பேசப் போகிறோம். எல்லா இடங்களையும் தொட்டுப் போவோம். ஆனால் நம் பேச்சின் மையம் புத்தகயா. ஏனென்றால் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

1. நான்கு இடங்கள்

பாலி மொழியில் உள்ள மகாபரிநிப்பான சுத்தம் புத்தரின் கடைசிப் பயணத்தைச் சொல்வது. அதில் அவர் ஆனந்தரிடம், நம்பிக்கையுள்ளவர்கள் சென்று காண வேண்டிய நான்கு இடங்களைச் சொல்கிறார்: தாம் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதல் போதனை செய்த இடம், இறுதியாகக் கண்மூடிய இடம். இன்றைய பெயரில் சொன்னால் லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர்.

இந்த நான்கில் ஒன்று இன்றைய நேபாளத்தில் இருக்கிறது. மற்ற மூன்றும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கின்றன. ஒருவர் பிறந்தது, விழித்தது, பேசியது, இறந்தது என்ற நான்கையும் காண்பதுதான் யாத்திரை. அந்த இடத்தில் நின்று, ஒரு மனிதர் இங்கே இப்படி வாழ்ந்தார் என்று நினைத்துப் பார்ப்பதுதான் அதன் உள்ளடக்கம். இதற்குப் புரோகிதர் தேவையில்லை, கருவறை தேவையில்லை. யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற பட்டியலும் அந்த நூலில் இல்லை. பிக்கு, பிக்குணி, உபாசகர், உபாசிகை என நான்கு வகையினரும் வருவார்கள் என்றே அது சொல்கிறது.

2. வேட்டைக்குப் போன அரசன் யாத்திரைக்குப் போனான்

இந்த யாத்திரைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கல் சாட்சி அசோகன். தன் எட்டாம் பாறைக் கல்வெட்டில் அவன் சொல்வது எளிமையான செய்தி. முன்பெல்லாம் அரசர்கள் இன்பப் பயணம் போவார்கள், வேட்டையாடுவார்கள். தானோ முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபோது சம்போதிக்குப் போனதாகவும், அதிலிருந்து தம்ம யாத்திரை தொடங்கியதாகவும் சொல்கிறான். சம்போதி என்பது ஞானம் பெற்ற இடம், புத்தகயா. அந்தப் பயணங்களில் என்ன செய்தான் என்பதும் கல்வெட்டிலேயே இருக்கிறது. துறவிகளையும் முதியவர்களையும் பார்ப்பது, அவர்களுக்குக் கொடுப்பது, நாட்டுப்புற மக்களைச் சந்தித்துத் தம்மத்தைப் பற்றிப் பேசுவது.

லும்பினித் தூண் இதைவிட நேரடியானது. முடிசூடி இருபது ஆண்டுகள் ஆனபோது தானே நேரில் வந்து வணங்கியதாகவும், சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்ததால் கல்தூண் நட்டதாகவும் அது சொல்கிறது. அடுத்த செய்திதான் நமக்கு வேண்டியது. லும்பினி கிராமத்துக்கு வரி நீக்கப்பட்டது, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் செலுத்தினால் போதும் என்று ஆனது. ஓர் இடம் புனிதமானது என்று சொன்ன அதே மூச்சில், அந்த இடத்தில் உழுகிறவனின் சுமையும் குறைக்கப்பட்டது. புனிதத் தலத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வயலுக்கும் உள்ள உறவை இந்தக் கல் தீர்மானித்தது. பின்னால் புத்தகயாவில் இந்த உறவு தலைகீழாக மாறியதைப் பார்ப்போம்.

3. கல்லில் பெயர் எழுதியவர்கள்

அரசன் மட்டும் போனதாக நினைத்துவிடக் கூடாது. புத்தகயாவில் போதி மரத்தைச் சுற்றியிருந்த பழைய கல் வேலியில் குரங்கி என்ற பெண்ணின் பெயர் பல தூண்களில் கொடையாளியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலி கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. சாஞ்சி ஸ்தூபத்தின் வேலிகளிலும் வாயில்களிலும் நூற்றுக்கணக்கான கொடைக் குறிப்புகள் உள்ளன. பிக்குணிகள், வணிகர் மனைவியர், நெசவாளர், எழுத்தர் எனப் பலரும் அதில் இருக்கிறார்கள். தெற்கு வாயிலின் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிசையின் தந்த வேலைக்காரர்கள் என்று கல்லே சொல்கிறது. கைவினை செய்கிறவர்கள் தம் பெயரைப் புனிதத் தலத்தின் முகப்பில் எழுதிக்கொள்ள முடிந்த காலம் அது.

பெயர் பொறிக்க வசதியில்லாதவர்களும் வந்தார்கள். புத்தகயாவைத் தோண்டியபோது கிடைத்தவற்றில் மிக அதிகமானவை சிறு சிறு நேர்ச்சை ஸ்தூபங்களும் களிமண் முத்திரைகளும்தான். அச்சில் அழுத்தி எடுத்த களிமண் வில்லை மிகச் சிறிய காணிக்கை. அது ஏழை யாத்ரீகனின் கையெழுத்து.

4. தங்க இடம் கேட்டவர்கள்

யாத்திரையில் முதல் சிக்கல் தங்குமிடம். இதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போனால் எங்கே தங்குவது, யார் தண்ணீர் தருவார்கள் என்ற கேள்வி நமக்குப் பழக்கமானது.

நான்காம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து புத்தகயாவுக்குப் போன பிக்குகளுக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. போன இடமெல்லாம் அவமதிப்பு, தங்க ஓரிடமில்லை என்று அவர்கள் திரும்பி வந்து தங்கள் அரசனிடம் முறையிட்டதாகச் சீனப் பயண நூல்கள் சொல்கின்றன. மேகவண்ணன் என்ற அந்த அரசன், சமுத்திரகுப்தனுக்குத் தூது அனுப்பி, அனுமதி பெற்று, போதி மரத்துக்கு அருகே ஒரு விகாரை கட்டினான். அது பல நூற்றாண்டுகள் இயங்கியது. 588ஆம் ஆண்டுக்குரியதாகக் கணிக்கப்படும் ஒரு கல்வெட்டு, இலங்கையைச் சேர்ந்த மகாநாமன் என்ற பிக்கு அங்கே செய்த திருப்பணியைப் பதிவு செய்திருக்கிறது. குப்தர் ஆட்சியில் ஒரு பிக்குவுக்குப் படுக்க இடமில்லை, அவன் நாட்டு அரசன் வந்து இடம் வாங்க வேண்டியிருந்தது. பொற்காலம் என்று பாடப்புத்தகம் சொல்லும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சீனத்திலிருந்து வந்தவர்கள் இன்னும் தொலைவிலிருந்து நடந்தார்கள். பாஹியான் 399இல் சாங்கானை விட்டுப் புறப்பட்டார். உடன் வந்த ஒருவர் பனிமலையில் இறந்தார், இன்னொருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். இலங்கையில் ஒரு புத்தர் சிலைக்கு அருகே தம் நாட்டு வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டு கண்ணீர் விட்டதாக அவரே எழுதுகிறார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், போதி மரத்தின் அடியில் விழுந்து அழுதார். அவர் 645இல் ஊர் திரும்பியபோது கொண்டுபோன நூல்கள் 657. வங்காள அரசன் சசாங்கன் போதி மரத்தை வெட்டிய செய்தியையும், அது மறுபடி துளிர்த்ததையும் எழுதி வைத்தவர் அவரே. பின்னர் வந்த இத்சிங், தமக்கு முன்னும் தம் காலத்திலும் இப்படிப் புறப்பட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட பிக்குகளின் வரலாற்றை எழுதினார். அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.

இவர்கள் அழுததைவிட எழுதியதே நமக்குப் பெரிய உதவி. எந்த ஊரிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எந்த ஸ்தூபம் இருக்கிறது என்று அவர்கள் குறித்துக்கொண்டே போனார்கள். அந்தக் குறிப்பு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து எதற்குப் பயன்பட்டது என்பதை இன்னும் சற்று நேரத்தில் பார்ப்போம்.

5. பூசி மறைத்த கதவு

1234இல் தர்மசுவாமி என்ற திபெத்தியத் துறவி புத்தகயாவுக்கு வந்தார். அங்கே நான்கு பிக்குகள் மட்டுமே இருந்தார்கள். துருக்கியப் படை வருகிறது என்ற அச்சத்தில் புத்தர் சிலைக்கு முன்னால் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பிப் பூசியிருந்தார்கள். கோயிலின் வெளிக் கதவையும் பூசி மூடி, அதன்மேல் மகேசுவரனின் உருவத்தை வரைந்திருந்தார்கள். உள்ளே இருப்பது புத்தர் என்று தெரியாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது.

இந்தக் காட்சியை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காப்பாற்றுவதற்காகப் பிக்குகளே தங்கள் கதவின்மேல் சிவனை வரைந்தார்கள். அடையாளத்தை மறைத்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலை. பெயரையும் ஊரையும் மறைத்து நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய நம்மவர்களுக்கு இந்தக் கதவு புரியும்.

பௌத்தத்தின் வீழ்ச்சிக்குப் படையெடுப்பு ஒன்றை மட்டும் காரணம் காட்டுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. படை வருவதற்கு முன்பே பல பகுதிகளில் விகாரைகள் ஆதரவை இழந்திருந்தன. புத்தரை விஷ்ணுவின் அவதாரமாகச் சொல்லும் புராணங்கள் வந்துவிட்டன. கயாவில் முன்னோருக்குப் பிண்டம் வைக்கப் போகிறவர்களின் சுற்றில் போதி மரமும் ஓர் இடமாகச் சேர்க்கப்பட்டது. விகாரை இடிந்தால் மறுபடி கட்டலாம். சுற்றியிருக்கும் மக்கள் இது எங்களுடையது என்று சொல்லாமல் போனால் கட்ட ஆளில்லை. அந்த மக்கள் என்ன ஆனார்கள்? 1948இல் வெளிவந்த தம் நூலில் பாபாசாகேப், தீண்டப்படாதவர்கள் பௌத்தத்தை விடாமல் பிடித்திருந்த சிதறுண்ட மக்கள் என்ற கருதுகோளை முன்வைத்தார். தமிழ்நாட்டில் அவருக்கு முன்பே பண்டிதர் அயோத்திதாசர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். இந்தக் கருதுகோள்களை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆனால் அந்த மக்கள் எங்கே என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் நம்மவர்கள் என்பதில் ஐயமில்லை.

6. வர முடியாதவர்கள் கட்டியவை

வழி அடைபட்ட பின்னும் நினைவு நிற்கவில்லை. பர்மாவின் பகானிலிருந்து ஆட்கள் வந்து மகாபோதிக் கோயிலைப் பழுது பார்த்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த திருப்பணியைச் சொல்லும் பர்மிய மொழிக் கல்வெட்டு புத்தகயாவிலேயே கிடைத்திருக்கிறது. வர முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே புத்தகயாவைக் கட்டினார்கள். பகானில் ஒரு மகாபோதிக் கோயில், சியாங் மாயில் ஏழு கோபுரங்களுடன் ஒன்று. கையில் எடுத்துப் போகும் அளவில் கல்லில் செதுக்கிய மகாபோதி உருவங்கள் திபெத்து வரை கிடைத்திருக்கின்றன.

அதுபோல மரமும் பயணம் செய்தது. சங்கமித்திரை கொண்டுபோன கிளை அனுராதபுரத்தில் மரமானது. 1931இல் சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரை எழுந்தபோது அந்த அனுராதபுரத்து மரத்தின் கன்றே அங்கே நடப்பட்டது. கொடுத்த ஊருக்கு, வாங்கிய ஊர் திருப்பித் தந்த கடன் அது.

நம் கடற்கரையும் இந்த வழியில் இருந்தது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊர் கொடையானது. கடல் கடந்து வரும் பௌத்தர்களுக்கு அது தங்கிச் செல்லும் இடம். பதினைந்தாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து திரும்பிய பெகு நாட்டுப் பிக்குகள், கப்பல் உடைந்து, நடந்து நாகப்பட்டினம் வந்து அங்கிருந்த புத்தர் உருவத்தை வணங்கியதை அந்நாட்டின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. அதாவது நம் ஊரில் பௌத்தம் ஒழிந்துவிட்டது என்று நாம் படிக்கும் காலத்திலும், யாரோ ஒருவர் அங்கே வந்து வணங்கிக்கொண்டிருந்தார். எஞ்சி நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இடித்தபோது அதைக் கேட்க உள்ளூரில் ஒரு யாத்ரீகனும் இல்லை.

7. செங்கல்லுக்காகத் தோண்டியவர்கள்

யாத்ரீகன் இல்லாத புனிதத் தலம் என்னவாகும் என்பதற்கு சாரநாத் சான்று. 1794இல் காசி அரசின் திவானாக இருந்த ஜகத் சிங், ஒரு பேட்டை கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமென்று அங்கிருந்த பெரிய ஸ்தூபத்தைத் தோண்டினார். உள்ளே கல்பேழையும் எலும்புகளும் இருந்தன. எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. பின்னர் சிலைகளும் கற்களும் வண்டி வண்டியாக வருணா ஆற்றுப் பாலத்துக்குப் போயின. இதைச் செய்தவர்களிடம் பகை இருந்ததாகத் தெரியவில்லை. அது என்ன இடம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மறதி இடிப்பதற்குக் கோபம் தேவையில்லை.

இந்த மறதியைக் கலைத்தது பழைய யாத்ரீகர்களின் குறிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஹியானும் யுவான் சுவாங்கும் ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டார்கள். அலெக்சாண்டர் கன்னிங்காம் அந்த நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொன்ன திசையிலும் தூரத்திலும் நடந்து பார்த்தார். 1876இல் குசிநகரில் சாய்ந்த நிலையிலுள்ள புத்தர் சிலை மண்ணிலிருந்து வெளிப்பட்டது. 1896இல் லும்பினித் தூணின் எழுத்து வெளிச்சத்துக்கு வந்தது. தொல்லியல் துறை கண்டுபிடித்தது என்று பெயர்ப்பலகை சொல்லும். வழி சொன்னவர்கள் நடந்து வந்த பிக்குகள்.

8. மஹந்தின் சாவி

புத்தகயாவின் கதை வேறு விதமாகப் போனது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கிரி மரபைச் சேர்ந்த சைவத் துறவி ஒருவர் அங்கே வந்து மடம் அமைத்தார். அப்போது அது கைவிடப்பட்ட இடம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. காலப்போக்கில் அந்த மடம் நிலம் சேர்த்து, பீகாரின் பெரிய ஜமீன்களில் ஒன்றானது. கோயிலும் மஹந்தின் உடைமையானது. புத்தர் சிலைகள் வேறு பெயர்களில் வணங்கப்பட்டன. இது நமக்குப் புதிதல்ல. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டது புத்தர் சிலையே என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

பர்மிய மன்னர் மிண்டோன் 1870களில் திருப்பணிக்கு ஆட்களை அனுப்பினார். பிறகு ஆங்கில அரசே 1880களின் தொடக்கத்தில் கோயிலைப் புதுப்பித்தது. 1891 ஜனவரி 22 அன்று கொழும்பிலிருந்து 26 வயது அநகாரிக தர்மபாலர் அங்கே வந்தார். வஜ்ராசனத்தில் தலை வைத்து வணங்கியவர், இந்த இடத்தைக் காக்க ஆள் வரும்வரை இங்கேயே இருப்பது என்று முடிவெடுத்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் மகாபோதி சங்கம் தோன்றியது. 1895 பிப்ரவரி 25 அன்று, ஜப்பானியர் கொடுத்த பழைய புத்தர் சிலையொன்றை அவர் கோயிலின் மேல்தளத்தில் வைத்தார். மஹந்தின் ஆட்கள் அதை எடுத்து வெளியே வைத்தார்கள். வழக்கு நடந்தது. கீழ்நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது, கல்கத்தா உயர்நீதிமன்றம் விடுவித்தது. புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் புத்தர் சிலை வைப்பது சட்டச் சிக்கலானது.

தர்மபாலரிடம் துணிவு இருந்தது, உலகெங்கும் ஆதரவு இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: இந்த மண்ணில் பிறந்து, இது எங்களுடையது என்று சொல்லும் பௌத்த மக்கள். வருகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டார், உள்ளூரில் வணங்குகிறவர்கள் இந்துக்கள் என்று மடம் சொல்ல முடிந்தது.

விடுதலைக்குப் பின் 1949இல் புத்தகயா கோயில் சட்டம் வந்தது. நிர்வாகக் குழுவில் நான்கு பௌத்தர், மஹந்த் உட்பட நான்கு இந்துக்கள், தலைவராக மாவட்ட ஆட்சியர். ஆட்சியர் இந்து அல்லாதவரானால் அரசு ஓர் இந்துவைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்றது சட்டம். 2013இல் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. நான்குக்கு நான்கு என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வேறு எந்தச் சமயத்தின் தலைமைத் தலத்துக்கும் இப்படி ஒரு கணக்கு போட்டால் எப்படி ஏற்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

9. வயலின் சாவி

கோயிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதி வரலாறுதான் சொன்னவர்களாவோம். அந்த மடத்தின் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உழைத்தவர்கள் யார்? பூயியான் போன்ற சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற தலித் மக்கள். 1978 முதல் சத்ர யுவ சங்கர்ஷ் வாகினி என்ற இளைஞர் அமைப்புடன் சேர்ந்து அவர்கள் மடத்துக்கு எதிராகப் போராடினார்கள். நில உச்சவரம்புச் சட்டத்தை ஏமாற்றிப் பல பெயர்களில் வைத்திருந்த நிலம் உழுகிறவர்களுக்கு வேண்டும் என்றார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். நிலம் கிடைத்தபோது, பட்டா எங்கள் பெயரிலும் வேண்டும் என்று கேட்டார்கள். குடும்பத் தலைவர் ஆண்தான் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். பெண்கள் விடவில்லை. 1980களின் தொடக்கத்தில் பெண்கள் பெயரில் நிலம் வழங்கப்பட்ட முன்னோடி நிகழ்வாக அது ஆனது.

லும்பினியில் அசோகன், புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக உழவனின் வரியைக் குறைத்தான். புத்தகயாவில் அதற்கு எதிரானது நடந்தது. கோயில் சாவியும் வயல் சாவியும் ஒரே கையில் இருந்தன. வயல் சாவியைக் கேட்டவர்கள் தங்களைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கோயில் சாவியைக் கேட்டவர்கள் அந்த வயலைப் பார்க்கவில்லை. இந்த இரண்டு போராட்டங்களும் ஒன்றையொன்று சந்திக்காதது நமக்குப் பாடம். யாத்திரை போகும் நம் பேருந்து அந்தச் சேரிகளைக் கடந்துதான் கோயிலுக்குப் போகிறது. அங்கே இறங்கிப் பேசுவதும் யாத்திரையில் சேரும்.

10. நாகபுரியில் வந்த விடை

தர்மபாலரிடம் இல்லாத மக்கள் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் கூடினார்கள். பாபாசாகேபுக்கு மூன்று சரணங்களையும் ஐந்து சீலங்களையும் வழங்கியவர் சந்திரமணி மகாதேரர். அவர் யார்? பர்மாவின் அரக்கானில் பிறந்து, இளம் வயதில் இந்தியா வந்து, புத்தர் கண்மூடிய குசிநகரில் தங்கிவிட்டவர். அதாவது யாத்திரை வழியாக வந்து, தலத்தில் தங்கி, அதைக் காத்தவர். அந்த வழி திறந்திராவிட்டால், குசிநகரில் ஒரு முதிய பிக்கு இருந்திருக்க மாட்டார். பாஹியான் நடந்த அதே நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணியிலிருந்துதான் நமக்குத் தீட்சை வந்தது.

அதன்பின் பாபாசாகேப் தாமே மக்களுக்கு 22 உறுதிமொழிகள் கொடுத்தார். அவற்றில் இரண்டைப் புத்தகயாவோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டோம் என்பது ஒன்று. சிரார்த்தம் செய்யமாட்டோம், பிண்டம் வைக்கமாட்டோம் என்பது இன்னொன்று. மகாபோதிக் கோயில் மீது மற்றவர்கள் கொண்டாடிய உரிமை எதன்மேல் நின்றது? அவதாரக் கதை மேலும் பிண்டச் சடங்கு மேலும். நீதிமன்றத்தில் தர்மபாலரால் பெற முடியாததை, நாகபுரித் திடலில் லட்சக்கணக்கான ஏழை மக்கள் தங்கள் வாயால் சொல்லி முடித்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியப் பௌத்தர் 32 லட்சத்தைத் தாண்டினார்கள். இந்த மண்ணில் பௌத்தர் எங்கே என்ற கேள்விக்கு அது பதில்.

அந்தத் திடல் இன்று தீட்சாபூமி. ஆண்டுதோறும் கூடும் மக்கள் முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் வருகிறார்கள், திறந்தவெளியில் தூங்குகிறார்கள், புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். டிசம்பர் 6 அன்று மும்பை தாதர் சைத்யபூமியிலும் இதே காட்சிதான். யாத்திரை முடிந்து பிரசாதப் பொட்டலத்தோடு திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். புத்தகப் பையோடு திரும்புவது யுவான் சுவாங்கின் வழக்கம். நம் மக்கள் அதைத் தெரியாமலேயே தொடர்கிறார்கள்.

அவர்களே பின்னர் புத்தகயாவுக்கும் போனார்கள். 1992இல் ஜப்பானில் பிறந்து நாகபுரியில் பணியாற்றிய பிக்கு சுரை சசாய் தலைமையில் அம்பேத்கரிய பௌத்தர்கள் அங்கே சென்று போராடினார்கள். 2025 பிப்ரவரியில் பிக்குகள் உண்ணாநிலை தொடங்கினார்கள். 1949 சட்டத்தை நீக்கி நிர்வாகத்தைப் பௌத்தர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

11. நாம் செய்ய வேண்டியது

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குக் கப்பலேறிப் போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்தார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். போனார், வந்தார், எழுதினார். மூன்றையும் செய்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். போன இடத்தைக் காத்தவர்கள் அரசர்கள் மட்டுமல்லர். எழுதி வைத்தவர்கள் காத்தார்கள். தங்கியவர்கள் காத்தார்கள். உரிமை கேட்டு வழக்கு நடத்தியவர்கள் காத்தார்கள். நாகப்பட்டினத்துக் கோபுரம் இடிந்தபோது கேட்க ஆளில்லாமல் போனது மறுபடி நடக்கக் கூடாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, புத்தகயாவின் நிர்வாக உரிமைக்காக நடக்கும் போராட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து நம் குரல் போக வேண்டும். அந்த ஊரின் நிலமற்ற மக்களின் கோரிக்கையும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, நம் ஊர்களில் வயலிலும் குளக்கரையிலும் வேறு பெயரில் நிற்கும் புத்தர் உருவங்களைக் கண்டு, ஊர், திசை, நிலை, உள்ளூர் வழக்கு எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதியபோது தொடங்கிய வேலை அது. வணங்கும் மக்களைப் பகைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலையல்ல, அவர்களிடம் கேட்டு எழுத வேண்டிய வேலை. மூன்றாவது, அடுத்த தம்ம நாளில் நாகபுரிக்குப் போகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போக வேண்டும். யாருடன் போனோம், எங்கே தங்கினோம், யார் சோறு போட்டார்கள், எவ்வளவு செலவானது என்பதை எழுதுங்கள். அது சின்ன விஷயமாகத் தோன்றும். பாஹியான் எழுதியதும் கிட்டத்தட்ட அதுதான்.

உடல் முடியாத நிலையில், கடைசி நாட்களில், சாரநாத்துக்கும் குசிநகருக்கும் போன ஒருவரின் நினைவு நாள் இது. அவர் போய் நின்ற இடத்துக்கு நம் பிள்ளைகளும் போய் நிற்க வேண்டும். தங்க இடம் கேட்டு யாரிடமும் கையேந்தாமல் நிற்க வேண்டும்.

நமோ புத்தாய. ஜெய்பீம்.